இரட்டைக்குழல் துவக்கில் எது உகந்தது?
பறவை வேட்டைக்குப் புறப்படும் நண்பருக்கும் அவர் இல்லத்தரசிக்கும் சில வார்த்தைகள்

துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுருங்கும் தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம். அதன் ஓசைக்கு அஞ்சி, பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை அமர்த்திப் பாடம் சொன்ன நாட்களை நாம் மறந்துவிடவில்லை. அவ்வாறிருக்க, இங்கிலாந்தின் வடபகுதிக் கிராமமொன்றில் கடை நடத்திவரும் எமது நண்பர் ஒருவர் சென்ற புரட்டாதி மாதத்தில் தொலைபேசியில் அழைத்து, "மாஸ்ரர், பறவை வேட்டைக்கு ஒரு இரட்டைக்குழல் துவக்கு வாங்கப் போறன். எந்த வகை நல்லதெண்டு பார்த்துச் சொல்லுங்கோ" என்றபோது, நாம் சற்று நேரம் மறுமொழி கூறாதிருந்தோம்.

நண்பரின் ஆசை திடீரென முளைத்ததன்று. அவரது கடைக்கு வரும் விவசாயிகள் மாரிகாலத்தில் பெசன்ற் வேட்டை ஆடுபவர்கள். பெசன்ற் என்பது எமது காட்டுக்கோழியின் குடும்பத்தைச் சேர்ந்த பறவை. மூன்று மாரிகளாக நண்பர் கையில் தடியுடன் புதர்களைத் தட்டிப் பறவைகளைக் கிளப்பிவிடும் வேலைக்குப் போய்வந்தார். மாலையில் ஒரு சோடிப் பறவை கிடைக்கும். அது வீட்டில் யாழ்ப்பாணத்துக் கறியாகும். கறிக்குள் அகப்பட்ட ஈயச் சன்னம் ஒன்று நண்பரின் கடைவாய்ப் பல்லைப் பதம் பார்த்த கதையும் உண்டு. இப்பொழுது, "தடியை வைத்துவிட்டுத் துவக்குடன் எங்கள் வரிசையில் வந்து நில்" என்று அவர்கள் அழைத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகள் பத்திரிகையும் பாலும் விற்ற மனிதருக்கு அவ்வழைப்பு சிறியதொன்றன்று.

ஆனால் அவர் மனைவியோ, "வீட்டுக்குள்ள துவக்கு வரக்கூடாது எண்டுதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்" என்கிறார். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. எனவே நாம் துவக்குக் கடைக்கு அவர்கள் இருவருடனும் சென்றோம். அங்கு கண்டதையும் நூல்களில் கற்றதையும் வாசகர்களுக்கு இங்கு தருகின்றோம்.

இரு வகைகள்

இரட்டைக்குழல் துவக்குகள் இருவகைப்படும். இரு குழல்களும் பக்கம் பக்கமாக அமைந்தது 'சைட் பை சைட்'. இதனைப் பக்கக்குழல் என்போம். ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்தது 'ஓவர் அண்ட் அண்டர்'. இதனை அடுக்குக்குழல் என்போம். இரண்டுமே நடுவில் மடிந்து திறப்பவை. இரண்டிலும் இரு தோட்டாக்களே இடலாம்.

வன்னியில் வயல் செய்த எமது பெரியப்பாவிடம் இருந்தது பேர்மிங்காமில் செய்யப்பட்ட பக்கக்குழல். பன்றிக் காவலுக்கு அனுமதி பெற்று வைத்திருந்தார். இடைக்கிடை குளத்தில் சிறகியும் விழும். இரட்டைக்குழல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றே நாம் எண்ணி வளர்ந்தோம். அவ்வெண்ணத்திற்கும் காரணம் உண்டு. தீக்கல் பொறியால் வெடிக்கும் பழைய துவக்குகளில் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு பொறி வேண்டும். வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று எனப் பொருத்துவதற்குப் பக்கக்குழல் அமைப்பே வசதியாக இருந்தது. பிரெஞ்சுக்காரரான லெபோஷேயின் மடிந்து திறக்கும் துவக்கு 1851 ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்ட பின்னர், ஆங்கிலேயத் தொழிலாளர் அவ்வழியைப் பின்பற்றலாயினர். அன்சன், டீலி என்ற இருவர் 1875 இல் சுத்தியல் வெளியே தெரியாத எளிய பொறியை அமைத்தனர். 1814 இல் தொடங்கிய பேர்டி போன்ற லண்டன் நிறுவனங்கள் பக்கக்குழலை ஒரு கலைப்பொருளாகவே ஆக்கிவிட்டன.

அடுக்குக்குழல் பின்னர் தலையெடுத்தது. லண்டன் பொஸ் நிறுவனம் 1909 இல் நேர்த்தியான ஒன்றைச் செய்தது. ஆயினும் அது செல்வந்தர்க்கே எட்டியது. அமெரிக்கரான ஜோன் பிரவுணிங் சாதாரண மனிதரும் வாங்கக்கூடிய அடுக்குக்குழலை வடிவமைத்தார். 1926 இல் பெல்ஜியத்தில் அவர் இறந்துவிட, அவர் மகன் எஞ்சிய வேலையை முடித்தார். 1931 இல் அது விற்பனைக்கு வந்தது. களிமண் தட்டுகளை வானில் எறிந்து சுடும் விளையாட்டுப் பரவியதும் அடுக்குக்குழலே எங்கும் பெருகிற்று.

களத்தில் காணும் வேறுபாடு

பக்கக்குழலின் முதற் சிறப்பு அதன் பாரமின்மை. 12 போர் பக்கக்குழல் ஏறத்தாழ ஆறரை இறாத்தல், அதாவது மூன்று கிலோ அளவில் இருக்கும். அடுக்குக்குழல் ஏழு இறாத்தலைத் தாண்டுவது வழமை. நாள் முழுவதும் சேற்றிலும் மேட்டிலும் நடப்பவருக்கு இந்த அரை இறாத்தலின் அருமை மாலையில் தெரியும். பக்கக்குழலைச் சிறிதளவு திறந்தாலே தோட்டா இடலாம். அடுக்குக்குழலில் கீழ்க்குழலுக்குத் தோட்டா இட, மேலும் அகலத் திறக்க வேண்டும்.

பழைய பக்கக்குழலில் பெரும்பாலும் இரு விசைகள் உண்டு. இதன் பயன் பலருக்குத் தெரிவதில்லை. பொதுவாக ஒரு குழலின் வாய் சற்று விரிந்தும் மற்றையதன் வாய் சற்று ஒடுங்கியும் இருக்கும். விரிந்தது கிட்டத்துப் பறவைக்கு, ஒடுங்கியது தூரத்துப் பறவைக்கு. எம்மைக் கண்டு எழுந்தோடும் பறவைக்கு முதல் வெடி கிட்டத்தில், இரண்டாவது தூரத்தில். எம்மை நோக்கி விரட்டப்படும் பறவைக்கோ இது தலைகீழ். விரலை நகர்த்தியே குழலைத் தெரிவு செய்வதற்கு இரு விசைகள் உதவுகின்றன.

அடுக்குக்குழலின் சிறப்பு வேறு. பார்வைக்கு ஒரே குழல் தெரிவதால் புதியவருக்குக் குறி எளிது. முதலில் வெடிக்கும் கீழ்க்குழலின் உதைப்பு தோளுக்கு நேராக வருவதால் குழல்வாய் அதிகம் எழும்பாது, இரண்டாவது வெடிக்கு விரைந்து ஆயத்தமாகலாம். கூடிய பாரமும் உதைப்பை வாங்கிக்கொள்ளும். இக்காலத்தவற்றில் பெரும்பாலும் குழல்வாய்க் குறுக்கத்தைக் கழற்றி மாற்றலாம்.

உடலுக்கு ஏற்ற அளவு

இவை அனைத்தையும்விட முக்கியமானது அளவு. பறவைத் துவக்கில் பின்குறி இல்லை. சுடுபவரின் கண்ணே பின்குறி. பிடங்கு நீளமாயினும் குட்டையாயினும், கன்னம் பொருந்தும் இடம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், கண் தன் இடத்தில் அமையாது. குறி தப்பும். கடையில் நண்பர் எடுத்துப் பார்த்த முதல் துவக்கின் பிடங்கு அவருக்கு ஓரங்குலம் நீளமாயிருந்தது. இரவல் சட்டை போட்ட பிள்ளையைப் போல நின்றார்.

எந்தக் கண் மேலோங்கியது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். இரு கண்களையும் திறந்தபடி தூரத்துப் பொருளொன்றை விரலால் சுட்டுங்கள். பின் இடக்கண்ணை மூடுங்கள். விரல் அசையாது நின்றால் வலக்கண்ணே மேலோங்கியது. வலத்தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடக்கண் மேலோங்கியிருந்தால், எந்தத் துவக்கு வாங்கியும் பயனில்லை. முதலில் பயிற்றுநரிடம் காட்டவேண்டும்.

பழையதை வாங்குவோர் கவனிக்க

பழைய ஆங்கிலப் பக்கக்குழல்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. அழகில் மயங்கி விரையக்கூடாது. அவற்றுட் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கென அமைந்தவை. இன்று பரவலாக விற்பனையாகும் இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா அவற்றுக்கு ஆபத்தாகலாம். லண்டன், பேர்மிங்காம் பரிசோதனை நிலையங்களின் முத்திரை குழலில் உள்ளதா, உட்குழல் தேய்ந்துள்ளதா என்பதைத் தேர்ந்த தொழிலாளரிடம் காட்டியறிதல் வேண்டும்.

ஈயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஈயச் சன்னம் நிலத்தையும் நீரையும் நஞ்சாக்குவதால் டென்மார்க் 1996 இல் அதனைத் தடைசெய்தது. கனடாவில் இடம்பெயரும் வேட்டைப் பறவைகளுக்கு 1999 முதலும், இங்கிலாந்தில் நீர்ப்பறவைகளுக்கு அதே ஆண்டு முதலும் தடை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 முதல் தடை. ஈயச் சன்னத்தை மேலும் பரந்த அளவில் தடைசெய்யும் முடிவை 2025 ஜூலையில் பிரித்தானிய அரசு அறிவித்தது. ஈயத்திற்குப் பதிலாக வரும் உருக்குச் சன்னம் கடினமானது. மெல்லிய, ஒடுங்கிய வாயுள்ள பழைய குழல்களுக்கு அது பொருந்தாது. இன்று துவக்கு வாங்குபவர் நாளைய தோட்டாவையும் எண்ணியே வாங்கவேண்டும்.

எமது முடிவு

எமது மனம் பெரியப்பாவின் பக்கக்குழலிடமே நின்றது. ஆயினும் நண்பர் புதியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் களிமண் தட்டுச் சுட்டுப் பழக வேண்டியவர். ஒரே ஒரு துவக்குத்தான் வாங்கப்போகிறார். எனவே, உருக்குச் சன்னத்திற்கெனப் பரிசோதிக்கப்பட்ட, ஒருவர் பாவித்த 12 போர் அடுக்குக்குழலை வாங்கிப் பிடங்கைத் தம் அளவுக்குக் குறைப்பிக்குமாறு கூறினோம். காலம் முழுவதும் நடந்தே வேட்டையாடிப் பழகியவர் கேட்டிருந்தால் பக்கக்குழல் என்றே கூறியிருப்போம்.

நண்பரின் மனைவிக்கு நாம் எதுவும் கூறவேண்டியிருக்கவில்லை. கடைக்காரர் ஒவ்வொரு துவக்கையும் கையில் தருவதற்கு முன் மடித்துத் திறந்து, இரு குழல்களும் வெறுமையாக இருப்பதை எம் மூவருக்கும் காட்டிய பின்னரே தந்தார். இங்கு அதுவே ஒழுங்கு. வரிசையில் நிற்பவர் வேட்டை முடிந்ததும் துவக்கை மடித்துக் கையில் தொங்கவிட்டே நடப்பார். அது வெறுமையானதென்பதைப் பத்தடி தூரத்திலும் எவரும் காணலாம். பக்கக்குழலாயினும் அடுக்குக்குழலாயினும் இப்பண்பு இரண்டுக்கும் பொது.

"நாங்கள் கண்ட துவக்கு ஒண்டையும் ஆரும் இப்பிடித் திறந்து காட்டேல்லை" என்றார் அந்த அம்மா. பெரியப்பாவின் துவக்கை 1980களில் ஓரிரவு வந்து கொண்டுபோனவர்களும் காட்டவில்லை. பின்னர் வந்த எவரும் காட்டவில்லை.

அவர் சம்மதித்தார், நிபந்தனையுடன். பொலிசாரின் அனுமதிப்பத்திரம் கிடைக்கவேண்டும். இரும்புப் பெட்டி சுவரில் பூட்டப்படவேண்டும். அதன் திறப்பு, சட்டம் கூறுவதுபோல, அனுமதி பெற்றவரைத் தவிர வேறெவருக்கும், தமக்கும்கூட, எட்டக்கூடாது. வீட்டு வாசலுக்குள் நுழையுமுன் துவக்கைத் திறந்து தமக்குக் காட்டவேண்டும். இவற்றுள் இறுதி நிபந்தனை சட்டத்தில் இல்லை. ஆயினும் துவக்கு வாங்க எண்ணும் எம்மவர் ஒவ்வொருவரும் அதனையும் கைக்கொள்வது நன்று.