சம்பா வேகமா, ரும்பா வேகமா? லத்தீன் பால்ரூம் நடனங்களின் கணக்கு

லத்தீன் பால்ரூம் போட்டிகளில் சம்பா ஜோடி துள்ளிக்கொண்டே அரங்கைச் சுற்றி வரும். ரும்பா ஜோடி பெரும்பாலும் ஒரே இடத்தில் மெதுவாக அசையும். இதில் எந்த இசை வேகம்னு கேட்டா, யோசிக்காம சம்பானு சொல்லிடுவோம். ஆனா கணக்கு வேற மாதிரி இருக்கு.

உலக நடன விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி சம்பா இசைக்கு நிமிடத்துக்கு 100 முதல் 104 பீட். ரும்பாவுக்கு 100 முதல் 108. கிட்டத்தட்ட ஒரே வேகம்தான்!

அப்போ வித்தியாசம் எங்கே?

பீட்டைப் பிரிக்கும் விதத்தில். ரும்பாவின் அடிப்படை அசைவில் 4 பீட்டுக்கு 3 ஸ்டெப்தான். அதில் ஒரு ஸ்டெப் இரண்டு பீட் நீளும். அந்த நேரத்தில்தான் உடல் எடை கால் மாறி, இடுப்பு நிதானமாகத் திரும்புகிறது. சம்பாவில் அதே 4 பீட்டுக்கு 6 ஸ்டெப், கூடவே முட்டியை மடக்கி நிமிர்த்தும் துள்ளல். சா-சா-சா நடுவில் நிற்கிறது: 4 பீட்டுக்கு 5 ஸ்டெப்.

மீதி இரண்டு?

பாசோ டோப்ளே, காளைச் சண்டையின் நடன வடிவம். ஆண்தான் மட்டடோர், பெண் பெரும்பாலும் அவர் கையில் சுழலும் துணி. நெஞ்சை நிமிர்த்தி ஆடணும், இடுப்புக்கு அதிக வேலை இல்லை. ஜைவ்தான் ஐந்திலும் வேகமானது: நிமிடத்துக்கு 168 முதல் 176 பீட். உதைப்பும் துள்ளலுமாகப் போகும்.

எல்லாமே லத்தீன் அமெரிக்காவா?

இல்லை. சம்பா பிரேசில், ரும்பா, சா-சா-சா கியூபா. பாசோ டோப்ளே இசை ஸ்பெயினுடையது, நடனம் 1930களில் பாரிஸில் பிரபலமானது. ஜைவ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஸ்விங் நடனங்களில் இருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வீரர்களோடு பிரிட்டன் போனது. இவற்றை ஒரே பிரிவாக ஒழுங்குபடுத்தியதில் பிரிட்டிஷ் நடன ஆசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நம்ம ஊர் வீக்எண்ட் கிளாஸ்களில் கற்றுத்தரும் சல்சாவும் பச்சாட்டாவும் லத்தீன் அமெரிக்க நடனங்கள்தான். ஆனால் இந்த ஐந்தில் இல்லை.

பெயரை நம்பலாமா?

முழுசா நம்ப முடியாது. கியூபாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர் மேளம், பாட்டோடு வளர்த்த ரும்பாவை 2016-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. போட்டி ரும்பா அது இல்லை. பொலேரோ, சோன் என்ற வேறு கியூப வடிவங்களின் வழி வந்தது. பெயர் மட்டும்தான் பொது. அடுத்த முறை யூடியூபில் ரும்பா தேடினால், கூடவே கியூபா என்றும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.