எழுத்துக் கூட்டுவதும் வாசிப்பதும்



சில ஆண்டுகளுக்கு முன் நம் ஞாயிறு தேவார வகுப்பில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், சம்பந்தரின் முதல் பதிகத்தைப் புத்தகத்தைப் பார்த்துக் கணீரென்று பாடுவான். ஒருநாள் காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. அவன் கவனிக்காமல் அதே பதிகத்தைத் தொடர்ந்து பாடினான். அவன் வாசிக்கவில்லை, மனப்பாடமாகச் சொல்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தனியே அழைத்து ஓர் எளிய கதையைக் கொடுத்தேன். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வரியின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிட்டான்.

இது மந்த புத்தியன்று. மனத்தின் கவனத்திற்கு ஓர் அளவுண்டு. அது முழுவதும் எழுத்துக் கூட்டுவதிலேயே செலவானால், பொருளை உணர மிச்சம் இராது. அடிக்கடி வரும் சொற்களைப் பார்த்தவுடன் அறிந்துகொள்ளும் பிள்ளைக்கு அந்தக் கவனம் மிச்சமாகிறது. அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச், பெயர்ச்சொற்களை விலக்கி, ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 220 சொற்களை 1936ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டது இக்கருத்தினால்தான்.

தமிழுக்கு இம்முறையை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. 'ஒரு, இந்த, என்று, ஆனால், கொண்டு, வேண்டும், இல்லை' போன்ற சொற்களை அட்டையில் எழுதிப் பழக்கலாம். ஆனால் நம் மொழியில் சொல்லோடு உருபுகள் ஒட்டிக்கொண்டு நீளும். 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்பதைக் கண்டு பிள்ளை மலைத்துப் போகிறது. ஆகவே 'கள், இல், க்கு, உடன், இலிருந்து, கிறார்கள்' ஆகிய ஈறுகளையும் கண்ணுக்குப் பழக்க வேண்டும். வீட்டில் 'வந்துட்டாங்க' என்று கேட்ட காது, புத்தகத்தின் 'வந்துவிட்டார்கள்' என்பதை அறியாது. எனவே நாமும் வாசித்துக் காட்ட வேண்டும்.

247 எழுத்துகளையும் கற்பிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். எழுத்தறியாத பிள்ளை சொல்லைப் படம் போல் மனனம் செய்தால், புதிய சொல் வந்ததும் தடுமாறும். முதலில் எழுத்தைக் கூட்டி வாசிக்கட்டும். பலமுறை கண்டபின் சொல் தானே பதியும்.

வாரத்திற்கு ஐந்து சொற்கள் போதும். மணிலா அட்டையில் பெரிதாக எழுதுங்கள். பிள்ளை அதை வாசித்தபின், ஒரு கதைப் பக்கத்தில் அதே சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். பிறகு நான்கைந்து வரிப் பத்தி ஒன்றை மூன்று முறை வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் முறை குரலில் வரும் தெளிவை நீங்களே கேட்பீர்கள். தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் சற்றுப் பொறுத்திருங்கள். மற்றப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

இதை நான் தாமதமாகவே கற்றேன். 35 ஆண்டு ஆசிரியப் பணியில், திக்கி வாசித்த பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி அதட்டியிருக்கிறேன். அவர்களுள் ஒருவரைப் பின்னாளில் வேறோர் ஊரில், ஒரு திருமணத்தில் கண்டேன். வாழ்த்து மடலை வாசிக்கும்படி அவரிடம் நீட்டினார்கள். "கண்ணாடி எடுத்து வரவில்லை" என்று நழுவிவிட்டார். பிறகு கைத்தொலைபேசியில் எனக்குத் தம் பிள்ளைகளின் படங்களைக் கண்ணாடியின்றியே காட்டினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்தச் சிறுவனுடன் ஆறு மாதம் அமர்ந்தேன். ஒருநாள் ஆலய அறிவிப்புப் பலகையின் முன் நின்று, 'சிறப்புப் பூசை நடைபெறும்' என்று தானாகவே வாசித்தான். 'நடைபெறும்' என்ற சொல்லில் மட்டும் சற்றுத் தயங்கினான். யாரும் அவனை வாசிக்கச் சொல்லவில்லை.

உபயகாரர்களே, தங்கள் பொருளுதவியால் வகுப்பிற்கு நூல்கள் கிடைக்கின்றன, நன்றி. இனித் தங்கள் நேரத்தில் பத்து நிமிடத்தையும் வேண்டுகிறேன். ஞாயிறு காலை வழிபாடு முடிந்ததும், ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து அது வாசிப்பதைக் கேளுங்கள். அதுவும் ஓர் உபயமே.