கட்டடக் குளிரூட்டலும் புதிய வாயுக்களும்

வெயிலின் கொடுமையைத் தணிக்க, யாழ்ப்பாணத்து முன்னோர் தடித்த சுவரையும் நாற்சார் வீட்டின் நடுமுற்றத்தையும் பனையோலைக் கூரையையும் துணைக்கொண்டனர். இன்றோ கரவெட்டிப் பகுதியிலும், அதன் கடைவீதியாகிய நெல்லியடியிலும், பொறியினாற் குளிரூட்டப்படும் வணிகக் கட்டடங்கள் பெருகிவிட்டன. அப்பொறிகளினுள் ஓடும் வாயு யாது? அதனை மாற்றவேண்டுமென உலக நாடுகள் உடன்பட்டது ஏன்?

குளிரூட்டி குளிரைப் படைப்பதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வாரி வெளியே விடுகிறது. வியர்வை உலரும்போது உடல் குளிர்வதுபோல, குழாயினுள் ஒரு திரவம் ஆவியாகி அறையின் வெப்பத்தைக் கவர்கிறது. அவ்வாவி பின்னர் அமுக்கப்பட்டு, வெளிச்சுருளில் வெப்பத்தைக் கைவிட்டு, மீண்டுந் திரவமாகிறது. இச்சுழற்சியில் வாயு செலவாவதில்லை. ஆகவே, ஆண்டுதோறும் 'காஸ் அடிக்க' வேண்டியிருப்பின் எங்கோ கசிகிறது என்பதே பொருள். உப்புக்காற்று வீசும் வடமராட்சியில் வெளிச்சுருள்கள் அரிக்கப்படுவது எளிது.

குளோரீன் கொண்ட இத்தகைய வாயுக்கள் ஓசோன் படையைச் சிதைக்குமென மொலினா, றோலண்ட் என்னும் அறிஞர்கள் 1974இல் எடுத்துக்காட்டினர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. இலங்கை 1989இல் அதிற் சேர்ந்தது. ஆர்-22 என்னும் பழைய வாயுவின் பாவனை, பழைய பொறிகளின் பராமரிப்புக்குரிய சிற்றளவு தவிர, வளர்முக நாடுகளில் 2030இல் முடிவுற வேண்டும்.

அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும், அதில் 1 கிலோகிராம் வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2,000 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கு ஈடாகப் பூமியை வெப்பமாக்கும். எனவே 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உடன்படிக்கை திருத்தப்பட்டது. இலங்கை அத்திருத்தத்தை 2018இல் ஏற்றது. இத்தகைய வாயுக்களின் பாவனையை 2045க்குள் அடிப்படை அளவில் நூற்றுக்கு 80 பங்கு குறைக்கவேண்டும் என்பது அதன் விதி.

இனி வரும் வாயுக்களிற் குற்றமற்றது ஒன்றுமில்லை. ஆர்-32இன் வெப்பமூட்டும் வலு ஆர்-410ஏயின் மூன்றிலொரு பங்கே. ஆனால் அது சிறிது எரியும் இயல்புடையது. புரொப்பேனின் தீங்கு மிகச் சிறிது. ஆனால் சமையல் எரிவாயுவைப்போல் எளிதிற் பற்றும். அமோனியா நச்சுத்தன்மையுடையது. காபனீரொட்சைட்டுக்கு மிகுந்த அமுக்கத்தைத் தாங்கும் குழாய்கள் வேண்டும். ஆதலால், ஆர்-22க்கென அமைந்த பொறியிற் புரொப்பேனை நிரப்புதல், செலவு குறைந்ததாகத் தோன்றினும், உயிருக்கே உலைவைக்கும் செயலாகும். அப்பொறியின் மின்னிணைப்புக்கள் எரியும் வாயுவைக் கருதி அமைக்கப்பட்டவையல்ல. அங்கு எழும் சிறு பொறியொன்றே தீ மூளப் போதும்.

அவ்வாறாயின் கட்டட உரிமையாளர் செய்யத்தக்கது யாது? முதலாவது, ஒவ்வொரு பொறியின் தகட்டிலும் குறித்துள்ள வாயுவின் பெயரையும் நிறையையும் ஓர் ஏட்டிற் பதிதல். இரண்டாவது, கசிவைக் கண்டு அடைத்த பின்னரே வாயு நிரப்புவித்தல். மூன்றாவது, புதுப்பொறி வாங்குமுன் சாளரங்களுக்கு நிழலமைத்துக் கூரை வெப்பத்தைத் தடுத்தல். இதனாற் சிறிய பொறியே போதுமானதாகும், வாயுவும் மின்சாரமுங் குறையும். நான்காவது, புதுப்பொறியின் வாயு அளவு அறையின் பரப்புக்கு ஏற்றதா, காற்றோட்டம் உண்டா எனப் பயிற்சிபெற்ற தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு ஆராய்தல். ஐந்தாவது, பழைய பொறியைக் கழற்றும்போது வாயுவை வெளியே விடாது உருளையிற் சேகரிப்பித்தல்.

இன்று வாங்கும் பொறி பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். அதற்குள் பழைய வாயு அரிதாகி விலையேறும். முன்கூட்டி ஆயத்தமாவோர் தம் பணத்தைக் காப்பதுடன், கட்டடத்தில் உழைப்போரின் உயிருக்கும் காவலாவர்.