நாற்சார் வீட்டுக்கு வழி கேட்கவேண்டியதில்லை

புளியங்கூடலில் உறவினர் வீட்டு விறாந்தையில், மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஒரு தடித்த கொப்பி கிடந்தது. முக்கால்வாசிப் பக்கங்களில், இணையத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருட் சட்டகத்தின் கட்டளைகள். நீல மையில் விளக்கம், சிவப்பு மையில் கோடு. உயர்தரத்துக்கு உயிரியல் குறிப்பு எழுதிய அதே அச்சொட்டான கையெழுத்து.

"எல்லாத்தையும் பாடமாக்கிப்போட்டுத்தான் அண்ணை சைட் ஒண்டு செய்யத் தொடங்குவம் எண்டு இருக்கிறன்" என்றான் தம்பி.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஆறு மாதம் கண்விழித்துப் படித்த பிள்ளை, ஒரு பக்கத்தைக்கூட உருவாக்கிப் பார்க்கவில்லை. ரியூட்டரி வாங்கிலில் பழகிய பழக்கம் அது. பரீட்சை மண்டபத்தில் புத்தகத்தைத் திறக்க ஏலாது. வேலைத்தலத்தில் யாரும் மூடச் சொல்வதில்லை.

ஜாங்கோ பிறந்ததே ஒரு பத்திரிகை அலுவலகத்தில்தான். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரத்து நாளிதழ் ஒன்றின் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹொலவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003 இல் அதைக் கட்டத் தொடங்கினார்கள். 2005 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். செய்தி அறையின் அவசரத்துக்குள் வேலை முடிக்கவேண்டியவர்கள் செய்த சாமான் அது. எது எங்கே இருக்கவேண்டும் என்பதை முதலிலேயே தீர்த்து வைத்துவிட்டார்கள்.

நம்முடைய நாற்சார் வீடுகளும் அப்படித்தான். நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, அதைப் பார்த்தபடி அறைகள். அப்படியான ஒரு வீட்டில் வளர்ந்தவர், முன்பின் தெரியாத இன்னொரு நாற்சார் வீட்டுக்குள் போனாலும் குசினியையும் கிணற்றடியையும் தானே கண்டுபிடித்துவிடுவார். மிளகாய்த்தூள் எந்தப் பேணியில் என்று மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டால் சரி.

ஜாங்கோவில் முற்றம் எது? வந்த முகவரியை 'யூஆர்எல்ஸ்' கோப்பு பார்த்து உரிய 'வியூ'விடம் அனுப்புகிறது. வியூ, 'மொடல்' வழியாகத் தரவை எடுத்து 'டெம்ப்ளேட்'டில் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது. இந்த ஓட்டம் மனதில் நின்றால் போதும். கட்டளை மறந்தால் 'மேனேஜ்.பை ஹெல்ப்' என்று அடிக்கலாம். முழுப் பட்டியலும் வரும். எந்தச் சொல்லைத் தேடவேண்டும் என்று தெரிந்தவனுக்கு ஆவணம் பக்கத்திலேயே இருக்கிறது.

கொப்பியை மூடச் சொன்னேன். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகு நேரங்களைக் காட்டும் ஒரு பக்கம் செய்வோம் என்றேன். அரை மணித்தியாலத்தில் திரையில் மஞ்சள் தலைப்போடு ஒரு பிழைப் பக்கம் வந்து நின்றது: டெம்ப்ளேட்டைக் காணவில்லையாம். அவன் கை மூடும் பொத்தானுக்குப் போனது.

"பொறு, வாசி."

கீழே, ஜாங்கோ எந்தெந்தக் கோப்புறைகளில் தேடிப் பார்த்தது என்று வரிவரியாக இருந்தது. அவன் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினான். நாலாவது வரியில் விரல் நின்றது. ஜாங்கோ 'டெம்ப்ளேட்ஸ்' என்ற கோப்புறையைத் தேடியிருக்கிறது. இவன் வைத்த பெயர் 'டெம்ப்ளேட்'. ஒரேயொரு எழுத்து.

"இது எங்கை தேடினது எண்டு தானே சொல்லுதே அண்ணை!"

பெயரைத் திருத்தினான். படகு நேரங்கள் வந்தன.

போன கிழமை மறுபடி போனேன். அதே கொப்பி, கடைசிப் பக்கங்கள். இப்போது மூன்று நிரல்கள்: எதைத் தேடினேன், எங்கே இருக்குமென்று நினைத்தேன், எங்கே கிடைத்தது. மொத்தம் பதினொரு வரிகள். கடைசி நாலு வரிகளில் இரண்டாம் நிரலிலும் மூன்றாம் நிரலிலும் ஒரே இடம்தான் எழுதியிருந்தது.