வானத்தில் மைல்கல் ஏது?

சென்னையிலிருந்து டில்லி செல்லும் ரயில், கும்மிடிப்பூண்டி வழியாக ஏறத்தாழ 2,180 கிலோ மீட்டர் ஓடுகிறது. விமானத்துக்கோ 1,760 கிலோ மீட்டர்தான் என்கிறார்கள். வானத்தில் மைல்கல் கிடையாது. அப்படியானால் இந்த எண் எங்கிருந்து வந்தது?

கடம்பத்தூரில் இருந்துகொண்டே, ஒரு பென்சிலையும் தாளையும் வைத்து நீங்களே இதைக் கண்டுபிடித்துவிடலாம். மீனம்பாக்கம் விமான நிலையம் 12.99 பாகை வட அட்சரேகையிலும் 80.17 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. டில்லி விமான நிலையத்துக்கு இவை 28.56, 77.10. அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோ மீட்டர். ஆகவே வடக்கு நோக்கி 15.57 பாகைக்கு 1,728 கிலோ மீட்டர். தீர்க்கரேகைகளோ துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வருபவை. இவ்விரு ஊர்களுக்கும் நடுவில் ஒரு பாகைக்கு 104 கிலோ மீட்டரே தேறும். ஆகவே மேற்கு நோக்கி 3.07 பாகைக்கு 319 கிலோ மீட்டர். இனி பிதாகரஸ் தேற்றந்தான். கர்ணம் 1,757 வரும். மோசமில்லை!

இதே கணக்கை லண்டனுக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். 8,700 கிலோ மீட்டர் என்று வரும். உண்மையில் சுமார் 8,230தான். நெடுந்தூரத்துக்குப் பூமியைத் தட்டையென்று கொள்ள முடியாது. பூகோள உருண்டையில் இரு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அது படியும் வழியே மிகக் குறுகிய வழி.

தூரம் கிடைத்துவிட்டது. மணிக்கு 850 கிலோ மீட்டர் வேகத்தில் டில்லிக்கு இரண்டு மணி நேரம் போதும். கால அட்டவணையோ இரண்டே முக்கால் மணி என்கிறது. விமானம் தரையில் ஊர்ந்து செல்ல வேண்டும். காற்றை எதிர்த்தே மேலெழ வேண்டும். மேலைக் காற்று வீசினால், கிழக்கே போகிற விமானமும் மேற்கு நோக்கி ஓடி எழும்பித்தான் திரும்பும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு.

உயரே காற்று வேறு இருக்கிறது. தென்மேற்குப் பருவ காலத்தில் நம் தலைக்கு மேல், சுமார் 15 கிலோ மீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. 1958-இல் இதைப் பற்றி விரிவாக எழுதியவர் பி. கோடீஸ்வரம், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர். விமானங்கள் இதற்குச் சற்றுக் கீழேதான் பறக்கின்றன என்றாலும் அங்கும் கீழைக் காற்று உண்டு. அதன் வேகம் மணிக்கு 60 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் 2,925 கிலோ மீட்டர். போக 3 மணி 42 நிமிடம். வர 3 மணி 13 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து 6 மணி 53 நிமிடம். காற்றோடு 6 மணி 55 நிமிடம். போகும்போது காற்று பிடுங்கிக்கொண்டதை வரும்போது முழுதும் திருப்பித் தருவதில்லை. எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் சிக்கிக்கொள்வதுதான் காரணம்.

சிங்கப்பூரிலுள்ள உறவினரை அழைத்துவரப் போகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பயணச் சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை 10 மணிக்குப் புறப்பட்டு இங்கே 11.30-க்கு வந்து சேர்வதாகச் சீட்டு சொன்னால், அவர் பயணம் செய்தது ஒன்றரை மணி அன்று, நான்கு மணி நேரம்.