கைவேலையே காணிக்கை

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கும்போதே பல இல்லங்களில் கடன் சுமையும் நெருங்குகின்றது. கடையில் வாங்கினால்தான் பரிசு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நம் அன்னையர் அறிந்திருந்த வழி வேறு.

1897-ஆம் ஆண்டு பெல்ஜியத்திலிருந்து குமரி மண்ணின் முளகுமூட்டிற்கு வந்தார் அன்னை மரி லூயிஸ் தெ மெஸ்தர். அவரும் அவர்தம் வழிவந்த சகோதரியரும் ஆதரவற்ற பெண்களைப் பேணி, லேஸ் பின்னலும் பூத்தையலும் கற்பித்தனர். ஊசியும் நூலும் அப்பெண்கள் மானத்தோடு வாழ வழி தந்தன.

அந்த ஊசியை நாமும் எடுப்போம். திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்கள் போதும். முதல் மூன்று வாரங்களிலும் மாலைச் செபம் முடிந்தபின் பிள்ளைகளோடு அமர்ந்து, கைக்குட்டையில் ஒரு பூவும் பெறுபவரின் முதலெழுத்தும் தைப்போம். நான்காம் வாரத்தில் முந்திரிக்கொத்து செய்வோம். வறுத்துப் பொடித்த சிறுபயற்றுடன் தேங்காயும் வெல்லப்பாகும் சேர்த்து உருட்டி, மும்மூன்றாக அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்தெடுத்தல் வேண்டும். தேங்காயை ஈரமறச் சிவக்க வறுத்தால் பலநாள் கெடாது.

முதற் பொட்டலம், எவரும் எட்டிப்பாராத முதியவரின் வாயிலை அடையட்டும். பிள்ளைகளே அதைக் கொண்டு சேர்க்கட்டும். கொடுத்தலின் இன்பத்தை அவர்கள் கற்கும் பள்ளி அதுவே.