பிள்ளை தாமதமானால் முதலில் யாருக்குப் பரிசோதனை?

மாசி மகத்தில் ஐந்து தேர்கள் உலா வரும் மாத்தளையில், பிள்ளை வரத்துக்கான நேர்த்தியும் விரதமும் பெரும்பாலும் மனைவியின் தலையில்தான் விழுகின்றன. உயிரியல் அப்படிப் பங்கு பிரிப்பதில்லை. ஏறத்தாழப் பாதித் தம்பதிகளில் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது.

கரு உருவாக முட்டை வெளியேற வேண்டும், கருக்குழாய் திறந்திருக்க வேண்டும், விந்தணுக்கள் நீந்தி வந்து சேர வேண்டும். வெளியேறிய முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால் பரிசோதனை தேவை. பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே கெடு. எல்லாவற்றிலும் எளியது விந்துப் பரிசோதனை. அதற்குத்தான் கணவர்மார் கடைசியாக வருகிறார்கள்!

சிகிச்சை என்றதும் சோதனைக் குழாயை நினைத்துப் பயப்பட வேண்டாம். முட்டை சரியாக வெளியேறாத பலருக்கு லெட்ரோசோல் மாத்திரையே கைகொடுக்கிறது. அடுத்த படி, சுத்திகரித்த விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்துவது.

இரு கருக்குழாய்களும் அடைபட்டிருந்தால் உடலுக்கு வெளியே கருவூட்டும் வழி உண்டு. 1978 ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுண் அப்படிப் பிறந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் துர்கா பிறந்தார். விந்தணு மிகக் குறைவா? ஒன்றே ஒன்றை ஊசியால் முட்டைக்குள் ஏற்றும் முறை 1992 முதல் உண்டு.

உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேட்டால் எந்தக் கிளினிக்குக்குப் போவதென்று சொல்வார். இருவரும் சேர்ந்தே போங்கள்.